கேம்கார்டர் கேசட்டை டிவிடியாக்க எந்த மென்பொருள்? வாசகர் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பழைய வீடியோ கேசட்டுகளைப் பற்றி வந்த கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களும் எந்த மென்பொருளை வாங்கலாம் என்றே கேட்கின்றன. கேசட் எந்த வகையைச் சேர்ந்தது, அதிலுள்ள படம் கணினிக்குள் எந்த வழியாக வரப்போகிறது என்னும் இரண்டும் தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால், முதல் இரண்டு பதில்களும் சற்று நீளமாகவே அமைந்துவிட்டன.

கேள்வி: 2003 முதல் 2009 வரை சோனி ஹேண்டிகேமில் எடுத்த மினி டீவி (Mini DV) கேசட்டுகள் இருபது இருக்கின்றன. மகளின் காதுகுத்து, தம்பியின் கல்யாணம், கே.ஆர்.பி. அணைக்குக் குடும்பத்தோடு போனது எல்லாம் அவற்றில்தான் உள்ளன. கேமராவோடு கொடுத்த யுஎஸ்பி கேபிளை லேப்டாப்பில் செருகினால் மெமரி கார்டில் உள்ள புகைப்படங்கள் மட்டுமே தெரிகின்றன. கேசட்டை ஏற்றுவது, எடிட் செய்வது, டிவிடி எழுதுவது ஆகிய மூன்றையும் செய்யும் ஒரே மென்பொருளைச் சொல்லுங்கள்.
வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: உங்கள் கேமராவிலும் லேப்டாப்பிலும் கோளாறு எதுவும் இல்லை. அந்தக் காலத்து மினி டீவி கேமராக்கள் பெரும்பாலானவற்றில் யுஎஸ்பி இணைப்பு, புகைப்படங்களை எடுப்பதற்கும் தரம் குறைந்த படத்தை வெப்கேமராவைப் போல அனுப்புவதற்கும் மட்டுமே வைக்கப்பட்டிருந்தது. கேசட்டில் உள்ள படம் முழுத் தரத்தோடு வெளியே வருவதற்கென்று ஃபயர்வயர் என்ற தனி இணைப்பு உண்டு. சோனி நிறுவனம் அதையே ஐ.லிங்க் என்ற பெயரில் வழங்கியது. கேமராவின் பக்கவாட்டிலுள்ள ரப்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். மினி யுஎஸ்பி துளையின் அளவிலேயே, ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கிய செவ்வகமாக, நான்கு ஊசிகளுடன் ஒரு துளை இருக்கும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

இன்றைய லேப்டாப்களில் ஃபயர்வயர் துளை கிடையாது. ஒரு முனை ஃபயர்வயராகவும் மறுமுனை யுஎஸ்பியாகவும் இருக்கும் மலிவான கேபிளை இணையக் கடைகளில் காட்டுவார்கள். அதை வாங்க வேண்டாம். இரண்டு இணைப்புகளும் செயல்படும் விதமே வேறு என்பதால், முனையை மட்டும் மாற்றிவிட்டால் வீடியோ வந்துவிடாது. உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. உறவினர் வீட்டுப் பரணில் 2005-2010 காலத்து லேப்டாப் ஏதேனும் கிடந்தால், அதில் ஃபயர்வயர் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ ஓடும் அப்படியொரு பழைய லேப்டாப் இந்த வேலைக்குப் புதிய கணினியைவிடத் தொல்லையில்லாதது. இல்லாவிட்டால், மேசைக் கணினியில் பொருத்தக்கூடிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்றை வாங்கலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டாகக் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் கிடைக்கும், நேரில் பார்த்து வாங்க விரும்பினால் பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளில் தேடலாம். கூடவே, ஒரு பக்கம் 6 ஊசியும் மறுபக்கம் 4 ஊசியும் உள்ள கேபிளும் தேவைப்படும். கேமராவை அணைத்துவிட்டுத்தான் கேபிளைச் செருக வேண்டும். விண்டோஸ் 10, 11 கணினிகள் சிலவற்றில் கேமரா அடையாளம் காணப்படாமல் போனால், ஃபயர்வயர் கார்டுக்கு 'லெகசி' எனப்படும் பழைய டிரைவரை ஏற்றியவுடன் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்போது மென்பொருளுக்கு வருவோம். மினி டீவி கேசட்டில் படம் ஏற்கெனவே டிஜிட்டலாகத்தான் பதிவாகியிருக்கிறது. ஃபயர்வயர் வழியாக ஏற்றுவது என்பது அதை அப்படியே கோப்பாக நகல் எடுப்பது மட்டுமே. ஆகவே இந்தக் கட்டத்தில் பல ஆயிரம் ரூபாய் மென்பொருளுக்கும் இலவச மென்பொருளுக்கும் படத்தின் தரத்தில் இம்மியும் வேறுபாடு இருக்காது. வின்டீவி என்ற மிகச் சிறிய இலவச மென்பொருளே போதுமானது. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு டீவிகிராப் இருக்கிறது. இவ்விரண்டிலும் எனக்குப் பிடித்த வசதி ஒன்று உண்டு. படம் எடுத்த நாளும் நேரமும், திரையில் தெரியாவிட்டாலும், ஒவ்வொரு ஃபிரேமோடும் கேசட்டில் பதிவாகியிருக்கும். நேரம் விட்டுப்போன இடங்களில் கோப்பைத் தானாகவே பிரித்து, அந்தத் தேதியையும் நேரத்தையும் கோப்பின் பெயரிலேயே இவை எழுதிவிடும். காதுகுத்து எந்த நாளில் நடந்தது என்று வீட்டில் வாக்குவாதம் வந்தால் கோப்பின் பெயரே தீர்த்துவைக்கும். கேமராவில் அன்று தேதியைச் சரியாக வைத்திருந்தால்.

ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். அதை விரைவுபடுத்த வழியில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி இடம் பிடிக்கும் என்பதால், உங்கள் இருபது கேசட்டுகளுக்கு 260 ஜிபி தேவை. ஹார்ட் டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்திருக்க வேண்டும்; பழைய ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கேமராவை பேட்டரியில் ஓட்டாமல் அடாப்டரில் ஓட்டுங்கள். ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் உள்ள சிறு தாழ்ப்பாளை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள். கை தவறிப் பதிவு பொத்தானை அழுத்தினாலும் பழைய படம் அழியாது. நெடுநாள் அசையாமல் கிடந்த கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகு ஏற்றுவது நல்லது. திரையில் சதுரம் சதுரமாகப் படம் உடைந்தால் பெரும்பாலும் கேமராவுக்குள் டேப்பைப் படிக்கும் ஹெட் அழுக்காகியிருக்கிறது என்று பொருள். உலர் கிளீனிங் கேசட்டை அதன் உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். எல்பி வேகத்தில், அதாவது கூடுதல் நேரம் பிடிக்க டேப்பை மெதுவாக ஓட்டும் முறையில், பதிவு செய்த கேசட் வேறு கேமராவில் சரியாக ஓடாமல் போகலாம் என்பதால், எடுத்த கேமராவிலேயே அதை ஓட்டுவது உத்தமம்.

மூன்று வேலைக்கும் ஒரே மென்பொருள் என்ற உங்கள் ஆசை நியாயமானதுதான். ஆனால் அப்படி இருந்தவை ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. விண்டோஸ் விஸ்டாவிலும் 7-இலும் இருந்த டிவிடி மேக்கர் விண்டோஸ் 8-இல் நீக்கப்பட்டது. மூவி மேக்கருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்திக்கொண்டது; இன்று அதே பெயரில் இணையத்தில் கிடைப்பவற்றில் போலிகளும் உண்டு. அடோபியின் என்கோர் 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்போடு நின்றது. ஆப்பிளின் ஐடிவிடியும் போய்விட்டது. எனவே ஏற்றுவதற்கு ஒன்று, எடிட் செய்வதற்கு ஒன்று, டிவிடி அமைப்பதற்கு ஒன்று என்று மூன்று சிறிய மென்பொருள்களாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இருபது கேசட்டுகளையும் முழுமையாக ஏற்றி முடித்துவிடுங்கள். எடிட்டிங்கை அடுத்த ஆண்டுகூடச் செய்யலாம். கேமராவின் மோட்டார் அதுவரை ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் அப்பா 1990-களில் எடுத்த 8 மி.மீ. கேசட்டுகள் உள்ளன. அவருடைய கேமரா இப்போது ஓடவில்லை. தெரிந்தவரிடம் வேறொரு கேமராவை வாங்கி, மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை யுஎஸ்பி கேப்சர் கருவியில் செருகிப் பதிவு செய்தேன். தீர்த்தமலைக் கோயிலுக்குப் போன காட்சி கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டே வருகிறது. மென்பொருளை மாற்றினால் சரியாகுமா?
வாசகி, அரூர்

பதில்: கறுப்பு வெள்ளையாக உருள்வதற்கு மென்பொருள் காரணமில்லை, அதிலுள்ள ஓர் அமைப்பே காரணம். கேப்சர் மென்பொருளில் வீடியோ முறை என்ற இடத்தில் என்டிஎஸ்சி என்று இருக்கும். அது அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கிய முறை. இந்தியாவில் விற்ற கேமராக்கள் 'பால்' (PAL) முறையைச் சேர்ந்தவை. அதை 'பால்-பி' என்று மாற்றியவுடன் வண்ணம் வந்து, படமும் நிலைகொள்ளும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கேசட்டாக இருந்தால் மட்டும் என்டிஎஸ்சியே சரி.

8 மி.மீ. கேசட்டுகளில் மூன்று வகை உண்டு. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். 1985-இல் வந்த வீடியோ8, 1989-இல் வந்த ஹை8 ஆகிய இரண்டும் அனலாக். 1999-இல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல்8, அதே கேசட்டில் மினி டீவியைப் போன்ற டிஜிட்டல் பதிவைச் செய்தது. உங்களுக்கு இதனால் ஒரு வசதி இருக்கிறது. டிஜிட்டல்8 கேமராக்களில் சில மாடல்கள், எல்லாமும் அல்ல, பழைய வீடியோ8, ஹை8 கேசட்டுகளையும் ஓட்டி, அவற்றை அந்தக் கணமே டிஜிட்டலாக்கி ஃபயர்வயர் வழியாக வெளியே அனுப்பக்கூடியவை. அப்படிப்பட்ட கேமரா கடனாகக் கிடைத்தால் கேப்சர் கருவியே தேவையில்லை. காவேரிப்பட்டினம் வாசகருக்குச் சொன்ன வழியே உங்களுக்கும் பொருந்தும். இவற்றில் சிலவற்றின் மெனுவில் டிபிசி என்று ஓர் அமைப்பும் இருக்கும். பழைய டேப்பில் படத்தின் செங்குத்துக் கோடுகள் வளைந்து நெளிவதை அது பெருமளவு நிமிர்த்திவிடும். இதற்கு ஈடான வேலையை எந்த எடிட்டிங் மென்பொருளாலும் பிற்பாடு செய்ய முடியாது.

கேப்சர் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், கேமராவில் எஸ்-வீடியோ துளை இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் ஒயருக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தினால், ஒளியும் வண்ணமும் தனித்தனி ஒயரில் வருவதால், ஹை8 கேசட்டில் படம் தெளிவாகும். ஒலிக்கு வெள்ளை, சிவப்பு ஒயர்கள் அப்படியே இருக்க வேண்டும். மென்பொருளில் இரண்டைச் சொல்லலாம். ஓபிஎஸ் ஸ்டுடியோ இலவசம், பழகுவதும் எளிது. ஆனால் அது நேரலைக்காக உருவானது, ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கோடுகளாகப் பிரித்துப் பழைய கேமரா எடுத்த படத்தை அப்படியே பாதுகாக்காது. செல்போனில் பார்க்க மட்டும் என்றால் போதும். டிவிடிக்கு என்றால் விர்ச்சுவல்டப் மென்பொருளில் ஹஃப்ஒய்யுவி போன்ற தர இழப்பில்லாத முறையில் பதிவு செய்வதே மேல். அப்போது ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 40 ஜிபி வரை இடம் போகும். அவ்வளவு இடம் இல்லை, எடிட் செய்யும் எண்ணமும் இல்லை என்றால், கருவியோடு கொடுத்த மென்பொருளில் டிவிடிக்குரிய எம்பெக்-2 கோப்பாக நேரடியாகப் பதிவு செய்யும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். பேச்சும் உதட்டசைவும் போகப் போக விலகினால், பதிவின்போது ஃபிரேம்கள் விட்டுப்போகின்றன என்று பொருள். பதிவு நடக்கும் நேரத்தில் கணினியில் வேறு எதையும் திறக்காதீர்கள்.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கேசட்டின் மூடியையும் தூக்கி டேப்பின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைத் தூள் படிந்ததுபோல் இருந்தால் அது பூஞ்சணம். அதைக் கேமராவுக்குள் போட்டால் ஹெட் கெடுவதோடு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சணம் பரவும்.

கேள்வி: எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடந்த பாரதக் கூத்தை, பல ஆண்டுகளுக்கு முன் மினி டீவியில் எடுத்தோம். கேசட்டுகளை ஏற்றிவிட்டேன். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் வேண்டும் என்று அக்கா மகன் சொல்கிறான். ஸ்டுடியோக்காரர் பிரீமியர் என்கிறார். வயதான கூத்துக் கலைஞர்களுக்கு டிவிடியாகவே கொடுக்க விரும்புகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது?
வாசகர், காரிமங்கலம்

பதில்: இருவர் சொன்னதும் நல்ல மென்பொருள்களே, இந்த வேலைக்கு இரண்டும் தேவையில்லை. ரிசால்வின் இலவசப் பதிப்பு திரைப்படத் தரத்தில் வண்ணம் திருத்தக்கூடியது. அதற்கேற்ற கிராஃபிக்ஸ் கார்டும் நினைவகமும் இல்லாத கணினியில் அது நகரவே நகராது. பிரீமியருக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். இரண்டும் டிவிடியை உருவாக்கித் தரமாட்டா. நீங்கள் செய்யப்போவது கேசட் மாற்றிய இடைவெளிகளை வெட்டுவது, தலைப்பு எழுதுவது, ஒலியைச் சீர் செய்வது ஆகியவை மட்டுமே என்றால் இலவச மென்பொருளான ஷாட்கட் போதும். கேசட்டுகள் நிறைய இருந்து, காட்சிகளை வகைபிரித்து அடுக்க வேண்டுமென்றால் கேடென்லைவ் வசதியானது. வெட்டுவதைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால் அவிடெமக்ஸில் 'காப்பி' முறையில் வெட்டுங்கள். மினி டீவி கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்பது என்பதால், எந்த இடத்தில் வெட்டினாலும் மறுசுருக்கம் இல்லாமல், தரம் குறையாமல் வெட்ட முடியும்.

ஷாட்கட்டிலோ கேடென்லைவிலோ தொடங்கும்போது 720-க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம், 4:3 என்று 'பால்' முறையைத் தேர்ந்தெடுங்கள். முடித்து வெளியே எடுக்கும்போது எம்பி4 கோப்பாகச் சுருக்காமல், தர இழப்பில்லாத முறையிலோ மினி டீவி முறையிலோ எடுங்கள். டிவிடிக்காக அது எப்படியும் ஒருமுறை சுருக்கப்படும். அதற்கு முன்பே நீங்கள் ஒருமுறை சுருக்கிவிட்டால் இழப்பு இரட்டிப்பாகும்.

கூத்தில் எதை வெட்டுவது என்பது மென்பொருளைவிட முக்கியமான முடிவு. கட்டியங்காரன் நீட்டி முழக்குவதைச் சுருக்கினால் விறுவிறுப்பாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் நீங்கள் கொடுக்கப்போவது ஆடியவர்களுக்கு. ஒரு விருத்தம் குறைந்தாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். முழுக் கூத்தையும் வெட்டாமல் பல டிவிடிகளாகக் கொடுத்துவிட்டு, உறவினர்களுக்கென்று அரை மணி நேரச் சுருக்கத்தைத் தனியாகச் செய்யுங்கள். இரண்டு கேசட்டுகளுக்கு இடையே ஒரு விநாடி இருட்டு போதும். கல்யாண வீடியோ மிக்ஸிங்கில் பார்த்துப் பழகிய இதய வடிவமும், புத்தகம் புரளும் எஃபெக்டும் துரியோதனன் படுகளத்துக்கு வேண்டாம். மெனுவில் பிறப்பு, சூது, துகிலுரிதல், படுகளம் என்று காட்சி வாரியாக அத்தியாயம் வைத்துவிட்டால், ரிமோட்டை அழுத்தி வேண்டிய இடத்துக்குப் போய்விடலாம்.

ஜெனரேட்டர் இரைச்சல் பதிவாகியிருந்தால் ஒலியை மட்டும் பிரித்து ஆடாசிட்டியில் திறங்கள். யாரும் பேசாமல் இரைச்சல் மட்டும் கேட்கும் இரண்டு மூன்று விநாடிகளைத் தேர்ந்தெடுத்து மாதிரியாகக் காட்டினால், அதே இரைச்சலை மற்ற இடங்களிலும் குறைத்துவிடும். மிதமாகவே செய்யுங்கள். அளவு மீறினால் முகவீணையின் ஓசை தகரத்தைத் தட்டியதுபோல் ஆகிவிடும். ஹாலஜன் விளக்கின் நேர்வெளிச்சத்தில் அரிதாரம் பூசிய முகம் வெறும் வெள்ளையாக வெளுத்துப் பதிவாகியிருந்தால், அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அங்கே பதிவானதே ஒன்றுமில்லை.

இன்னொன்று. இரவுக் காட்சியின் இருண்ட பகுதிகளில் புள்ளி புள்ளியாக ஊர்வது டிவிடிச் சுருக்கத்துக்குப் பெரும் சுமை. ஆகவே ஒரு டிவிடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூத்தை அடைக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: ஒகேனக்கல்லில் பரிசல் போன வீடியோவை எம்பி4 கோப்பாக்கி டிவிடியில் எழுதினேன். கணினியில் ஓடுகிறது, மாமனார் வீட்டு டிவிடி பிளேயரில் 'டிஸ்க் எரர்' வருகிறது. பிறகு ஒரு மென்பொருளில் மூன்று மணி நேரத்தை ஒரே டிவிடியில் எழுதினேன். ஓடியது, ஆனால் அருவியெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.
வாசகர், பென்னாகரம்

பதில்: கோப்பை டிவிடியில் எழுதுவது வேறு, டிவிடி வீடியோ அமைப்பது வேறு. பழைய பிளேயருக்கு எம்பெக்-2 முறையில் சுருக்கிய படமும், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியும், வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் குறிப்பிட்ட அமைப்பிலான கோப்புகளும் வேண்டும். இதைச் செய்வதற்கு ஆத்தரிங் மென்பொருள் என்று பெயர். டிவிடிஸ்டைலர் இலவசம், மெனுவும் அத்தியாயமும் அதிலேயே அமைக்கலாம். தொடங்கும்போது 'பால்' என்றும், பழைய கேசட்டானால் 4:3 என்றும் தேர்ந்தெடுங்கள். நேரடியாக டிஸ்க்கில் எழுதாமல் முதலில் ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து, விஎல்சி பிளேயரில் மெனு முதல் முடிவு வரை ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுங்கள். ஐஎஸ்ஓ கோப்பை எழுத விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. கட்டணம் செலுத்தி ஆத்தரிங் மென்பொருள் வாங்க நினைப்பவர்கள், தற்போதைய பதிப்பில் டிவிடி எழுதும் பகுதி இருக்கிறதா என்று விவரப் பட்டியலில் உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.

அருவி கட்டம் கட்டமாகத் தெரிந்ததற்குக் காரணம் நேரம். 4.7 ஜிபி என்று உறையில் போட்டிருக்கும் டிஸ்க்கை கணினி 4.37 என்று காட்டும். இரண்டும் ஒரே அளவுதான், கணக்கிடும் முறை மட்டும் வேறு. அதில் எத்தனை நிமிடம் எழுதினாலும் மொத்த இடம் மாறாது, ஒரு விநாடிக்குக் கிடைக்கும் பங்கு மட்டுமே மாறும். சிறிது இடம் ஒதுக்கியது போக டிஸ்க்கில் கொள்ளும் 36,000 மெகாபிட்டை மொத்த விநாடிகளால் வகுத்தால் ஒலியும் சேர்ந்து விநாடிக்கு எத்தனை மெகாபிட் கிடைக்கும் என்று தெரிந்துவிடும். 100 நிமிடம் என்பது 6,000 விநாடி. ஆகவே 6 மெகாபிட். 2 மணி நேரத்துக்கு 5. உங்கள் 3 மணி நேரத்துக்கு 3.3 மட்டுமே. டிவிடி விதிப்படி படத்துக்கு மட்டும் 9.8 வரை போகலாம் என்றாலும், எழுதிய டிஸ்க்கில் 8-க்கு மேல் வைத்தால் சில பிளேயர்கள் திக்கும்.

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு 4 மெகாபிட்டே தாராளம். எம்பெக்-2 சுருக்கம், முந்தைய ஃபிரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டுமே எழுதி இடத்தை மிச்சப்படுத்துகிறது. கொட்டும் அருவியில் மாறாத இடம் என்று எதுவுமே இல்லை. சாரலின் ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்தருவியும் சுழலில் சுற்றும் பரிசலும் முழு நேரமும் வரும் வீடியோவென்றால் ஒரு டிஸ்க்குக்கு 60 முதல் 70 நிமிடத்தோடு நிறுத்துங்கள். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் உண்டென்றாலும் பழைய பிளேயர்களில் சில அதை ஏற்பதில்லை. இரண்டு சாதாரண டிவிடி-ஆர் டிஸ்க்குகளே நல்லது.

கேள்வி: எருது விடும் விழாவை எடுத்த மினி டீவி வீடியோவைக் கணினியில் பார்த்தால், ஓடும் காளையின் விளிம்பில் சீப்புப் பல் போல் கோடுகள் தெரிகின்றன. டிவிடியாக்கித் தொலைக்காட்சியில் போட்டால் கோடு இல்லை, ஆனால் காளை முன்னும் பின்னுமாக உதறிக்கொண்டு ஓடுகிறது.
வாசகர், பர்கூர்

பதில்: இவை இரண்டு வெவ்வேறு விஷயங்கள். அந்தக் கேமரா ஒரு ஃபிரேமை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. இரட்டைப்படைக் கோடுகளை ஒரு கணத்திலும், ஒற்றைப்படைக் கோடுகளை ஐம்பதில் ஒரு விநாடி கழித்தும் எடுக்கிறது. அந்த இடைவெளியில் காளை சற்று நகர்ந்துவிடும். கணினி இரண்டையும் சேர்த்துக் காட்டுவதால் சீப்புப் பல் தெரிகிறது. அது குறை அல்ல, டிவிடிக்காக அதை நீக்கவும் கூடாது.

உதறல்தான் உண்மையான பிழை. எந்தக் கோட்டுத் தொகுதி முதலில் வர வேண்டும் என்ற வரிசை எங்கோ மாறிப்போயிருக்கிறது. மினி டீவியில் கீழ்த் தொகுதி முதலில்; எச்டி வகைகளான எச்டிவி (HDV), ஏவிசிஎச்டி (AVCHD) கேமராக்களில் மேல் தொகுதி முதலில். எடிட்டிங் மென்பொருளிலிருந்து வெளியே எடுக்கும்போதும், ஆத்தரிங் மென்பொருளிலும் 'பாட்டம் ஃபீல்ட் ஃபர்ஸ்ட்' என்றே இருக்கிறதா என்று பாருங்கள். செல்போனுக்கு அனுப்ப வேண்டுமென்றால் மட்டும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது சீப்புப் பல்லை நீக்கி, விநாடிக்கு 50 ஃபிரேமாக எடுத்தால் ஓட்டம் வழுக்கிக்கொண்டு வரும்.

கேள்வி: சிறிய 8 செ.மீ. டிவிடியில் நேரடியாகப் பதிவாகும் கேமராவில் எடுத்த டிஸ்க்குகளைக் கணினி காலி டிஸ்க் என்கிறது.
வாசகி, ஊத்தங்கரை

பதில்: அவற்றை 'ஃபைனலைஸ்' செய்யாமல், அதாவது பதிவை முடித்து மூடாமல், விட்டிருக்கிறீர்கள். எடுத்த கேமராவிலேயே போட்டு மெனுவில் அதைச் செய்தால் கணினி படிக்கும். கேமரா கெட்டிருந்தால் ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருளை முயலலாம். உள்ளே இருப்பது ஏற்கெனவே எம்பெக்-2 என்பதால், கோப்பை எடுத்து மறுசுருக்கம் இல்லாமல் பெரிய டிவிடிக்கு மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க்கை உறிஞ்சி இழுக்கும் வகை டிரைவில் இந்தச் சிறு டிஸ்க்கைப் போட்டுவிடாதீர்கள், மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: 2011-இல் வாங்கிய எச்டி கேமராவின் எம்டிஎஸ் கோப்புகளை டிவிடியாக்கினால் படம் மங்குகிறது. எந்த மென்பொருளில் மங்காது?
வாசகர், ஓசூர்

பதில்: எதிலும் மங்கத்தான் செய்யும். டிவிடியின் அளவே 720-க்கு 576. டிவிடியைப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் பிரதியாக மட்டும் வைத்துக்கொண்டு, மூலக் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பாதுகாத்து வையுங்கள். கேமராவிலிருந்து எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் தனியாக இழுக்காமல் ஏவிசிஎச்டி ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். நீண்ட காட்சிகளைக் கேமரா பல துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும், அவற்றைச் சரியாக ஒட்டுவதற்கு உடனிருக்கும் சிறு கோப்புகள் உதவும்.

கேள்வி: இவ்வளவு வேலையையும் நானே செய்ய இயலாது. ஸ்டுடியோவில் கொடுத்துவிடலாமா?
வாசகர், தருமபுரி

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் டிவிடி போட்டுக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அப்படிச் சொன்னால் டிவிடி ரெக்கார்டரில் நேரடியாகப் பதிவு செய்து கொடுத்துவிடுவார்கள். பிற்பாடு எடிட் செய்ய நினைத்தால், சுருக்கிய படத்தையே மறுபடியும் சுருக்க வேண்டிவரும். மினி டீவியை ஃபயர்வயர் வழியாக ஏற்றுவீர்களா என்று கேளுங்கள். நீங்களே ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து, மறுசுருக்கம் செய்யாத ஏவிஐ கோப்பையும் அதில் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஸ்டுடியோ பெயரைப் படத்தின் மூலையில் பதிக்க வேண்டாம், பின்னணிப் பாட்டு சேர்க்க வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாட்டைச் சேர்க்கும்போது அன்று வீட்டில் பேசியவர்களின் குரலை அணைத்துவிடுவது மிக்ஸிங் வழக்கம். கேசட்டுகளுக்கு எண் எழுதி, பட்டியலின் பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் மேல் காகித லேபிள் ஒட்ட வேண்டாம், டிஸ்க்குக்கென்று விற்கும் மார்க்கரால் எழுதினால் போதும். முதலில் ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்து, டிவிடியை வீட்டுப் பிளேயரிலும் கோப்பைக் கணினியிலும் கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள்.